கல்பாசிக்கு எத்தனை உயிர்?

மரக்காணத்து உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரியாக வேண்டும். பாத்தியிலிருந்து பலகையால் இழுத்து வரப்பில் குவித்தது ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். வியாபாரிக்கு அது சரக்கு. இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் மடம் வைத்திருக்கும் தமிழ்ச் சமணர்களின் நூல்வழிக் கணக்கிலோ, அது ஓரறிவுயிர். மண்ணையும் கல்லையும் போல நிலத்தையே உடலாகக் கொண்டது.

உப்புக்கே உயிர் என்றால், மரப்பட்டையில் தேமல் போலப் படரும் லைக்கனுக்குக் கேட்பானேன்? பிரியாணியில் போடும் கல்பாசி அந்த இனம்தான். அதைச் சருகுமானோடு நிறுத்திப் பார்த்தால் கணக்கு சுலபம். ஒன்றுக்குத் தொடுவுணர்வு மட்டும். மற்றதற்கு ஐம்புலனும் உண்டு. தொல்காப்பிய மரபியல் மனத்தை ஆறாம் அறிவாக மக்களுக்கு வைக்கிறது. சமணம் அதை மானுக்கும் தருகிறது.

மூன்று கிலோ தேறும் சருகுமான், மேற்குமலைக் காட்டில் சருகோடு சருகாகப் பதுங்கும். கொம்பில்லை, கிடாவுக்குக் கோரைப்பல் நீண்டிருக்கும். பெயரில்தான் மான், உயிரியலார் அதை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை.

சிக்கல் லைக்கனில்தான். அது தனி உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம் என்று 1860களில் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர் சொன்னபோது லைக்கன் அறிஞர்கள் கொதித்தார்கள். 2016இல், பல லைக்கன்களில் ஈஸ்ட் என்ற மூன்றாம் ஆளும் குடியிருப்பது தெரிந்தது. அறிவை எண்ணுமுன் ஆளை எண்ண வேண்டியதாயிற்று.

சமணர் இதற்கு அசர மாட்டார்கள். ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் இருப்பதால்தானே கிழங்கை விலக்குகிறார்கள்! ஆனால் கிழங்கில் எல்லா உயிரும் ஒரே தரம். லைக்கனில் பாசி வெயிலில் சமைக்கிறது, பூஞ்சை வீடு கட்டுகிறது. பழைய வகைப்பாட்டில் இந்த ஏற்பாட்டுக்கு இடம் தேடத்தான் வேண்டும்.

மானும் தனியாளா என்ன? அது தின்ற இலையை நொதிக்கவைப்பவை வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள். ஆனாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை ஓர் உயிராகவே எண்ணுகிறது; கொன்றால் சிறை. கல்பாசியை மளிகைக்கடையில் கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், புத்துப்பட்டு அய்யனாரின் கோயில்காடு இருக்கிறது. கோயில்காட்டு மரத்தில் கிளை ஒடிக்கத் தயங்குபவர் அறிவை எண்ணித் தயங்குவதில்லை; சாமி சொத்து என்ற பயம்தான். அந்தப் பயத்தில் தப்பிய கிளையோடு, பட்டையில் ஒட்டிய தேமலும் சேர்ந்து தப்பிக்கிறது.