கைம்மாறு கருதாத அறம்

பெங்களூருவின் அடுகோடிக்கும் பசவனகுடிக்கும் இடையே லால்பாக் தோட்டம் பரந்து கிடக்கிறது. அடுகோடியிலிருந்து அதனைக் கடந்து மேற்கே சென்றால் பசவனகுடி நேஷனல் கல்லூரியை அடையலாம். அக்கல்லூரியின் மாணவர் விடுதியில் ஓர் எளிய அறையிலேயே தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர் டாக்டர் எச். நரசிம்மையா.

1920-இல் கௌரிபிதனூருக்கு அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1946-இல் நேஷனல் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளரானார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்தார். எனினும் கதராடை மாறவில்லை, எளிமை குன்றவில்லை. மணம் புரியாமல், கல்விப் பணிக்கே தம்மை அளித்த அவர், 2005 ஜனவரி 31-இல் மறைந்தார்.

இவ்வளவையும் கேட்பவர், ஒரு துறவியின் வரலாறு என்றே எண்ணுவர். ஆனால் நாடு அவரை அறிந்தது பகுத்தறிவாளராகத்தான். அற்புதங்கள் எனப்படுபவற்றையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய, 1976-இல் பல்கலைக்கழகத்தில் குழு அமைத்தவர் அவரே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மறுமைப் பயனை எதிர்பாராத ஒருவன் ஏன் நல்லவனாக வாழ வேண்டும்?

காவலர் நிற்கும் தெருவில் திருடாதிருப்பவனை யாரும் ஒழுக்கசீலன் என்று போற்றுவதில்லை. நரகத்துக்கு அஞ்சிப் பாவத்தை விடுபவன் நிலையும் அத்தகையதே. தேர்வில் வெற்றி, மகளுக்கு வரன், வழக்கில் சாதகம் என்று வேண்டுதலுக்கு விலை பேசி உண்டியலில் காணிக்கை இடுபவன், இறைவனையும் வணிகனாக்கிவிடுகிறான். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பது கீதை காட்டும் நெறி. அந்த அளவுகோலால் அளந்தால், சொர்க்கத்தை நம்பாமலே பிறர்க்கு உழைப்பவன் பல பக்தர்களைவிட அந்நெறிக்கு அருகில் நிற்கிறான்.

பாரத மரபுக்கு இது புதிதன்று. ஆதி சாங்கியம் படைப்புக் கடவுளை வேண்டி நிற்கவில்லை. சமணமும் பௌத்தமும் அவ்வாறே. ஆயினும் அகிம்சையையும் கருணையையும் உலகுக்கு உரக்கச் சொன்னவை அவை.

காந்தியடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 'கடவுளே சத்தியம்' என்று கூறிவந்த அவர், பின்னர் 'சத்தியமே கடவுள்' என்றார். நாத்திகனும் சத்தியத்தை மறுப்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். ஆந்திரத்தைச் சேர்ந்த நாத்திகர் கோரா, தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டிருந்தவர். தம் மகளைத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணமுடிக்க அவர் துணிந்தபோது, அத்திருமணத்தைச் சேவாகிராமத்தில் நடத்த அண்ணல் முன்வந்தார். சடங்கில் கடவுளின் இடத்தில் சத்தியம் என்னும் சொல் அமையவும் இசைந்தார். 1948 ஜனவரியில் அண்ணல் மறைந்தார். மார்ச்சில் அதே ஆசிரமத்தில் திருமணம் நிறைவேறியது.

ஆயினும் மறுப்பு மட்டுமே ஒருவனை உயர்த்திவிடாது. சடங்கை விட்டவன் அகங்காரத்தை விடாவிடில், ஒரு விலங்கு போய் இன்னொரு விலங்கு வந்ததாகும். புகழை நாடிச் செய்யும் தொண்டும் பேரமே. பிள்ளையை இழந்த தாய்க்குப் பிரார்த்தனை தரும் ஆறுதலைத் தர்க்கம் எளிதில் தந்துவிடாது. அப்புகலிடம் இல்லாதவனுக்குச் சக மனிதனின் தோளே துணை. அவன் துயருறும் நாளில் அருகில் சென்று அமர்வது, நம்பிக்கை உள்ளவனின் கடமையாகிறது.

மாலையில் விளக்கேற்றிக் கைகூப்பும் பக்தன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: 'இதனால் எனக்கு எதுவும் கிடைக்காது என்று தெரிந்தாலும், இன்று செய்த நன்மையை நாளையும் செய்வேனா?' ஆம் என்று உள்ளம் விடை பகருமாயின், அவனது பக்தி தூயது. தயங்குமாயின், விடுதி அறையில் வாழ்ந்து மறைந்த அந்தப் பகுத்தறிவாளரிடமும் அவன் கற்க வேண்டிய பாடம் உண்டு.