வடக்கே சூலம், மேற்கே ஓடுபாதை

திருநெல்வேலியில் விமான நிலையம் கிடையாது. சென்னைக்குப் பறக்க வேண்டுமானால் தூத்துக்குடி சாலையில் வாகைகுளத்துக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பயணமாக இருந்தால் பாளையங்கோட்டை வீடுகளில் ஏதாவது ஒரு ஆச்சி நாள்காட்டித் தாளைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்: "ஏல, இன்னைக்கு வடக்கே சூலம். ஒரு மடக்கு பாலைக் குடிச்சிட்டுக் கெளம்பு." சூலம் இருக்கும் திசைக்குப் பயணம் ஆகாது, பால் அதற்குப் பரிகாரம். பேரன் வாசலில் நிற்கும் டாக்சியைப் பார்த்தபடியே குடித்து வைப்பான்.

வேடிக்கை என்னவென்றால், வாகைகுளத்து ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில் ஏறுவதுதான் வழக்கம். ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே குற்றாலச் சாரலைத் தள்ளிக்கொண்டு வரும் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே சென்னை விமானம் மேற்கே பார்த்து ஓடி எழும்பி, பிறகு வடக்கே திரும்பும். அப்படியானால் செவ்வாய்க்கிழமைச் சூலம் அதைப் பிடிக்குமா, பிடிக்காதா? பஞ்சாங்கம் கணித்தவர்கள் இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தபோது ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டது. திசை மட்டும் மாறவில்லை.

பறப்பது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. வைகாசியில் ஆழ்வார்திருநகரிக்கு நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் வந்து நம்மாழ்வாருக்குக் காட்சி தருகிறார்கள். எந்த ஊர்க் கும்பாபிஷேகத்திலும் கலசத்தில் நீர் விழும் நேரத்தில் கூட்டம் அண்ணாந்துதான் நிற்கும். கருடன் வட்டமிட்டால்தான் மனம் ஆறும். வானத்திலிருந்து ஒரு சம்மதம் வேண்டியிருக்கிறது.

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி காட்டும் வானம் வேறு மாதிரி. நிறைமாத அரசி விசயை, கணவன் செய்வித்த மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். விசையை வலப்பக்கம் முறுக்கினால் ஏறும், இடப்பக்கம் முறுக்கினால் இறங்கும். அவளைக் காப்பாற்றிய அந்தப் பொறி கடைசியில் இறக்கிவிட்ட இடம் சுடுகாடு. சீவகன் பிறந்தது அங்கேதான். இதைப் பாடிய திருத்தக்கதேவரின் சமயத்தில் கைகொடுக்க வரும் படைப்புக் கடவுள் இல்லை. வினை உண்டு, முறுக்காணி உண்டு, அவ்வளவுதான்.

வெப்பக்காற்று பலூனில் ஏறியவர்களுக்கு இந்த முறுக்காணி நன்றாகவே புரியும். பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கலையொட்டி பலூன் திருவிழா நடக்கிறது. கூடை இடுப்புக்கு மேல் வரும் பிரம்புப் பெட்டி. தலைக்கு மேல் பர்னர் சீறும்போது உச்சந்தலை சுடும்; அணைத்த மறுகணம், கீழே தென்னந்தோப்பில் நாய் குரைப்பதுகூடத் துல்லியமாகக் கேட்கும். காற்றோடு சேர்ந்து போவதால் முகத்தில் காற்றே அடிக்காது. பலூனின் சுகம் முழுவதும் அந்த அமைதியில் இருக்கிறது. ஆனால் அதற்குச் சுக்கான் கிடையாது. பைலட்டால் ஏற்றலாம், இறக்கலாம்; உயரத்துக்கு உயரம் காற்று திசை மாறும் என்பதால், தோதான காற்று ஓடும் உயரத்தைத் தேடிப் பிடிக்கலாம். மற்றபடி காற்று விட்ட வழி. பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன்கள் எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயல்களில் இறங்கியதுண்டு.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், ஆள்வினையுடைமைக்கு இன்னோர் அதிகாரம் ஒதுக்கினார். இரண்டும் முரண் என்று உரைகாரர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பலூன் கூடையில் அரை மணி நேரம் நின்றிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும்.

மீதிப் பாதி லேசில் தீராது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது அதிலிருந்த 242 பேரில் 241 பேர் மாண்டார்கள். தரையிலும் 19 பேர். சாலை நெரிசலில் சிக்கிப் பத்து நிமிடம் தாமதமான ஒரு பெண் அந்த விமானத்தைத் தவறவிட்டார். பிள்ளையார் காப்பாற்றினார் என்றார். அவர் அப்படிச் சொன்னதில் குற்றமில்லை. ஆனால் நேரத்தோடு வந்து சேர்ந்த 241 பேரை ஏன் காப்பாற்றவில்லை என்று அதே பிள்ளையாரிடம் யார் கேட்பது? அத்தனை பேர் வினையும் ஒரே மதியத்தில், ஒரே இறக்கைக்கு அடியில் பழுத்ததா? "விதி யாரை விட்டுது" என்று துட்டி வீட்டுத் திண்ணையில் சொல்லலாம்; இழந்தவருக்கு அன்றிரவு பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். புலனாய்வு அதிகாரி அந்தச் சொல்லைத் தொடக் கூடாது. விபத்து அறிக்கையில் விதிக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. வானப் பயணம் இந்த அளவுக்காவது பத்திரமாக இருப்பதற்கு, அந்தக் கட்டம் இல்லாமல் போனது ஒரு முக்கியக் காரணம்.

எகிப்தின் லக்சரில் 2013 பிப்ரவரி 26 அன்று தரையிறங்கும் நேரத்தில் ஒரு பலூன் தீப்பிடித்தது. எரிவாயுக் குழாயில் கசிவு. கூடையிலிருந்து சிலர் வெளியேற, பாரம் குறைந்த பலூன் மற்றவர்களைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. 21 பேரில் 19 பேர் இறந்தார்கள். வெறும் காற்றின் மேல் பழி போட்டிருந்தால் அந்தக் குழாயை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆச்சியின் பாலைக் குடிப்பதில் நட்டமில்லை. ஆனால் தை மாதத்தில் பலூன் ஏற விடியற்காலையில் போய் நிற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூடையில் ஆள் ஏற்றுவதற்கு முன் பைலட் ஒரு சின்ன பலூனை விட்டு, அது போகும் திசையையும் வேகத்தையும் பார்ப்பார். அது விர்ரென்று ஓடிவிட்டால், "இன்றைக்கு இல்லை" என்பார். அவரிடம் வாதாடாதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிடுங்கள்.