அறுந்த காதும் கம்மல் ஆசையும்

கனமான ஜிமிக்கியை ஆண்டுக்கணக்கில் சுமந்த காதில் துளை நீண்டு கோடாகிவிடும். சிலருக்கு மடலே அறுந்து இரண்டாகும். தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், "இந்த வயசுல எதுக்கு?" என்பார்கள் வீட்டில். ஐம்பதிலும் கம்மல் போட ஆசைப்படுவது நியாயமான ஆசைதான். பாம்படம் தொங்கிய நீளக் காதை, காலம் மாறியதும் வெட்டித் தைத்துக்கொண்ட பாட்டிமார் தென்மாவட்டங்களில் எத்தனையோ பேர்!

சிகிச்சை சிறியது. மடலை மட்டும் மரத்துப்போகச் செய்து, துளையின் ஓரத்தோலை நீக்கித் தைப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். யோசிக்க வேண்டியது வேறு. பழைய காயத் தழும்பு ஏதாவது புடைத்துத் தடித்து வளர்ந்திருக்கிறதா? அப்படிப்பட்ட உடல்வாகில் காதிலும் கெலாய்டு என்னும் அந்தத் தடித்த தழும்பு வரலாம். மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மறைக்க வேண்டாம். தையலின்றி ஒட்டித்தருவதாகச் சொல்லி அமிலம் தடவும் கடைகள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். மடல் வெந்துபோகும் ஆபத்து உண்டு.

அடுத்த மாதக் கல்யாணத்துக்காக என்றால் காலம் போதாது. மறுபடி குத்தச் சில மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் தழும்புக் கோட்டைத் தவிர்த்து, சற்றுத் தள்ளி.