நேர்த்திக்கடன் தீர்ந்ததா?



வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஆயித்தியமலை சதா சகாய அன்னையின் திருத்தலம் இருக்கிறது. செப்டெம்பர் மாதத் திருவிழாவுக்கு நம் பங்குகளிலிருந்து ஆண்டுதோறும் மக்கள் வாவியைக் கடந்து, வயல்வெளிகளினூடாகக் கால்நடையாகப் போகிறார்கள். கையில் செபமாலை; மனத்தில் ஒரு நேர்த்தி. நோய் தீரவேண்டும், பிள்ளைப்பேறு வேண்டும், மகன் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும்.

நம் அயலவரான இந்துச் சகோதரர்களும் மாமாங்கத்திலும், கண்ணகை அம்மன் கோவில்களிலும் இவ்வாறே நேர்த்தி வைக்கிறார்கள். அவர்களுடைய பக்தியைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. துன்பம் வரும்போது மேலே பார்த்துக் கை நீட்டுவது மனித இயல்பு. அப்படியானால் நமது பக்தியைக் கிறிஸ்தவ விசுவாசம் ஆக்குவது எது? சுரூபத்தின் பெயர் மட்டுந்தானா?

இக்கேள்வியை எழுப்பும்போது, படித்தவர்கள் சிலர் எளிய மக்களின் பக்தியைப் பார்த்துச் சிரிப்பதற்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. பொதுமக்களின் பக்தியில் மூடநம்பிக்கை கலந்துவிடும் ஆபத்து உண்டு என்று 1975ஆம் ஆண்டில் எழுதிய பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், ஏழைகளும் எளியவர்களும் மாத்திரமே அறியக்கூடிய இறைதாகம் அதில் உண்டு என்பதையும் சேர்த்தே எழுதினார். உண்மைப் பக்தி, வந்து மறையும் உணர்ச்சியில் இல்லை என்றும், அது விசுவாசத்திலிருந்து பிறந்து அன்னையின் புண்ணியங்களைப் பின்பற்றத் தூண்டும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கற்பித்தது. ஆகவே எத்தனை நவநாள் செய்தோம், எவ்வளவு கண்ணீர் விட்டோம் என்பவை அளவுகோல் ஆகமாட்டா.

கேட்பது தவறா? இல்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கும்படி ஆண்டவரே நமக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அப்பம் பலுகிய மறுநாள் தம்மைத் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்து, வயிறு நிறைந்ததனால்தான் வந்தீர்கள் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவருடைய பேச்சு கடினமானபோது பலர் விலகிப் போனார்கள். கேட்டது கிடைக்கும்வரை கூட வருவதும், அவரையே நம்பி வருவதும் வெவ்வேறு என்பது அன்று வெளிப்பட்டது.

இன்னும் ஒன்றைச் சிந்தியுங்கள். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே ஒரு மன்றாட்டு வைத்தார். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று கேட்டார். அது அகலவில்லை. தமது மன்றாட்டே இவ்வாறு முடிந்த ஒருவரைத்தான் நாம் ஆண்டவர் என்று அழைக்கிறோம். அப்படிப்பட்டவரின் முன்னால் நின்று, "நீர் இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்" என்று பேரம் பேசுவது எவ்வாறு பொருந்தும்? தம் விருப்பத்தைத் தயங்காமல் சொல்லிவிட்டு, தம்மையே பிதாவின் கையில் ஒப்படைத்தாரே, அந்த ஒப்படைப்பே கிறிஸ்தவ விசுவாசத்தின் உயிர்.

நம்மிடையே இதைப் புத்தகத்தில் படிக்காமலே அறிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து நம் மண்ணிலேயே முதிர்ந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபியர் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும், உடன் வந்த இளைஞரும் வந்துசேரவில்லை. அக்காலத்தில் இவ்வாறு காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் எத்தனை பேர்! 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாட் காலையில், கல்லடியிலும் நாவலடியிலும் கடலுக்குக் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆயினும் அவர்களில் பலரது கையைவிட்டுச் செபமாலை போகவில்லை. அவர்களைப் பார்த்து, "எல்லாம் கடவுளின் சித்தம்" என்று வாயை அடைப்பது விசுவாசமாகாது. நீதி கேட்டுக் கதறுவதும் செபமே. சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் ஏன் என்று கேட்டுக் கதறினார். கதறியபடியே பிடியை விடாதிருக்கும் அந்தத் தாய், நம்மில் பலருக்கு விசுவாசத்தின் ஆசிரியை.

இனி, ஒப்படைப்பு என்பது வெறும் மன உணர்வாக நின்றுவிட முடியாது. கானாவூர்க் கலியாணத்தில் தேவதாய் பணியாளரிடம் சொன்னது ஒன்றே: அவர் சொல்வதைச் செய்யுங்கள். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அதன்பின் அன்னையின் வாயிலிருந்து வேறு வார்த்தை இல்லை. மகன் சொன்னதோ நமக்குத் தெரியாததல்ல. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்றார்.

அன்னைக்கு வைத்த நேர்த்தியை மறக்க நாம் அஞ்சுகிறோம். தீர்க்காவிட்டால் ஏதும் நேர்ந்துவிடுமோ என்று நடுங்குகிறோம். ஆனால் வேளாண்மை வெட்டி முடிந்தும் வயற்காரனுக்குக் கொடுக்காத கூலி நம்மை நடுங்கச் செய்கிறதா? எல்லை வேலிக்காக அண்ணனும் தம்பியும் பத்து வருடமாய்ப் பேசாதிருந்து, ஒரே திருவிழாவில் ஒரே தேரின் பின்னே நடக்கிறார்களே, அது நம்மை உறுத்துகிறதா? மகளுக்கு நல்ல இடம் கேட்டு மெழுகுதிரி ஏற்றிய தாயே, மகனுக்குப் பெண் பார்க்கும்போது சீதனப் பட்டியலை நீட்டுவதில்லையா? விண்ணகத்துக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டு, மண்ணில் பட்ட கடனை மறப்பவனின் பக்தியில் அச்சம் இருக்கலாம், ஆசை இருக்கலாம், விசுவாசம் இருக்கிறதா?

ஆகவே அடுத்த திருவிழாவுக்கும் போவோம், நேர்த்தியும் வைப்போம். புறப்படுமுன் இரண்டு கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை சொல்லிவிட்டுப் புறப்படுவோம். கேட்டது கிடைக்காவிட்டாலும் அடுத்த ஞாயிறு நான் பூசைக்கு வருவேனா? நான் கேட்டதை ஆண்டவர் தரவேண்டும் என்று எதிர்பார்க்கும் நான், அவர் என்னிடம் கேட்டதைக் கொடுத்துவிட்டேனா?

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லச் சிலருக்கு ஆயித்தியமலைவரை நடக்கவேண்டியதில்லை. அடுத்த வளவுக்குப் போய்ப் படலையைத் தட்டினால் போதும்.