செயற்கை நுண்ணறிவும் ஆய்வுப் பொறுப்பும்: பல்கலைக்கழகத் தமிழாய்வை முன்வைத்து

2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தபின், செயற்கை நுண்ணறிவை ஏற்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆயத்தமாதல் பற்றிய பேச்சு மிகுந்துள்ளது. அப்பேச்சு பெரும்பாலும் கணிப்பொறி, மென்பொருள் உரிமம், பயிலரங்கு என்னும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆய்வேட்டில் இடம்பெறும் ஒரு வாக்கியத்திற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் யார் என்னும் அறவினா அதற்கு முற்பட்டதாகும். தமிழாய்வுக் களத்தில் வைத்து இவ்வினாவை நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், ஓர் ஆய்வேடு முன்னைய எழுத்துகளோடு எத்தனை விழுக்காடு ஒத்துள்ளது என்பதை அளவுகோலாகக் கொண்டன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். பிறர் எழுத்தைப் பெயர்த்தெழுதுவோரைக் கண்டறிய இவ்வளவுகோல் உதவும். ஆனால் மொழிமாதிரி ஆக்கித் தரும் பத்தி, எந்நூலிலிருந்தும் அப்படியே எடுக்கப்பட்டதாக இராது. சொற்களின் நிகழ்தகவை ஒட்டி அவ்வப்போது புதிதாகத் தொடுக்கப்படுவது. களவுபோன பொருளைத் தேடும் காவலர்க்கு உடையவரே இல்லாத பொருள் எங்ஙனம் அகப்படும்? இத்தகைய எழுத்தைக் கண்டறியும் கருவிகளையும் நம்புதற்கில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனம் தான் வெளியிட்ட கண்டறி கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய கட்டுரைகளை இத்தகைய கருவிகள் பெருமளவில் எந்திர எழுத்தென்று பிழைபடக் கூறியதை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினர். குற்றமற்ற மாணவர்மீது பழிசுமத்தும் கருவியை நீதியின் கருவியாகக் கொள்ளல் தகாது.

இரவல் பெறுதல் மட்டுமே குற்றம் என்று கூறுதலும் தமிழ் மரபிற்கு ஒவ்வாது. முதல்நூலுக்குப்பின் வழிநூலும் சார்புநூலும் தோன்றுவதை இலக்கணம் இயல்பாகவே ஏற்றுள்ளது. முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் போற்றி எடுத்தாளலாம் என்பது நன்னூலார் கொள்கை. எனினும் இம்மரபு ஒன்றைக் கைவிடவில்லை. இறையனார் களவியலுரை, உரை வந்த வழியைச் சொல்லுமிடத்து, நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாகக் கேட்டோர் பெயர்களை நிரலே கூறுகிறது. அவ்வரலாறு எவ்வளவு உண்மை என்பது தனி ஆய்வுக்குரியது. எவரிடம் எவர் கேட்டார் என்று சொல்லியாக வேண்டும் என்னும் கட்டாயத்தை அவ்வுரை உணர்ந்திருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. எந்திரம் தரும் விடையில் அறுபடுவது இச்சங்கிலியே. ஒரு சங்கப்பாடலை வேறொரு புலவர்க்கு உரியதாக்கியும், இல்லாத நூலுக்குப் பக்க எண் தந்தும் அது ஒரே உறுதியான தொனியில் பேசக்கூடும். பிழை நேர்ந்தவழி ‘நான் தவறினேன்’ என்று நாணுதற்கு அங்கு ஒருவரும் இல்லை.

நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் கணக்கொன்று இங்குப் பெரிதும் பயன்படும். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கர் பெறுவது கால்பங்கே; உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால்; எஞ்சிய பாதி, தாம் பிறர்க்கு விரித்துரைத்தலால் வாய்ப்பது. எந்திரம் மிகத் திறம்படச் செயற்பட்டாலும் முதற் கால்பங்கில் ஒரு பகுதியையே ஈடுசெய்ய இயலும். ஆய்வேடு எழுதுதலோ, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும் அந்தப் பாதியைச் சார்ந்தது. அதனை எந்திரத்திடம் ஒப்படைக்கும் மாணவர் உழைப்பின் சுமையைத் தவிர்த்ததாக எண்ணலாம். அவர் இழப்பது புலமையின் பாதி.

இதனால் தடையே தீர்வு என்று முடிவுகட்டுவதும் நேர்மையாகாது. தில்லியிலோ திருவனந்தபுரத்திலோ தமிழாய்வு செய்யும் மாணவர்க்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எட்டும் தொலைவில் இல்லை. பிறமொழி ஆய்வுரைகளின் சாரத்தை அறியவும், பழைய அச்சுநூல்களின் படிமங்களை எழுத்துருவாக்கவும் எந்திரம் துணைநிற்குமாயின் அத்துணையை மறுப்பது, நூலக வளம் வாய்ந்தோர்க்கே ஆய்வை உரிமையாக்கிவிடும். ஆயினும் துணை என்பதன் எல்லை தெளிவுபட வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சமணக் கோட்பாடுகளை அறியக் குடந்தைச் சமணர்களை நாடிக் கேட்டார். விளக்கம் பிறரிடமிருந்து வந்தது. அதனைச் சுவடியோடு பொருத்திப் பார்த்து ஏற்றலும் விடுத்தலும் பதிப்பாசிரியர் பொறுப்பாக நின்றன.

ஆகவே ஆயத்தம் என்பது கருவி வாங்குதலினும் தேர்வு முறையைத் திருத்துதலிலேயே தொடங்க வேண்டும். வாய்மொழித் தேர்வு பல இடங்களில் வாழ்த்துரை அரங்காகச் சுருங்கிவிட்டது. அது மீண்டும் வினாவும் விடையுமாக வேண்டும். மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலநூலோடு ஒப்பிட்ட குறிப்பேட்டை ஆய்வேட்டுடன் கேட்டுப் பெறலாம். எந்திரத்தின் உதவி எவ்வியலில், எதற்காகப் பெறப்பட்டது என்று மாணவர் அச்சமின்றி எழுதுதற்கு இடமளித்தல் வேண்டும். ஒப்புக்கொள்வோரைத் தண்டித்தால் மறைப்போரே பெருகுவர். இவ்வொப்புகை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. முந்நூறு பக்க ஆய்வேட்டை எந்திரத்திடம் தந்து சுருக்கம் பெற்று மதிப்பீட்டறிக்கை வரையும் புறத்தேர்வாளர்க்கும் அக்கடப்பாடு உண்டு. அறிக்கைப் படிவத்தில் அவர் கையொப்பத்திற்கு மேல் அதற்கென ஒரு வரி சேர்க்கப்படுதல் வேண்டும்.