வீர வழிபாடும் உண்மையும்

முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒரு போரில் வென்றவனை வீரனெனப் போற்றுதல் தகுமா? தொழின்முறை மல்யுத்தம் பற்றி எழுப்பப்படும் இவ்வினா, யப்பானிய மக்கள் கொண்டாடிய மல்லர் றிக்கிடோசானை முன்னிறுத்தி நோக்குமிடத்து மேலும் ஆழமடைகின்றது.

1945 இல் போரில் தோல்வியுற்ற யப்பான், 1952 வரை அமெரிக்கா தலைமைதாங்கிய நேசநாட்டுப் படைகளின் பிடியில் இருந்தது. சூமோ மல்லராக விளங்கிய றிக்கிடோசான் 1951 இல் தொழின்முறை மல்யுத்தத்துட் புகுந்தார். 1954 பெப்ரவரியில் அவரும் மசாஹிக்கோ கிமுராவும் ஷார்ப் சகோதரரோடு பொருதிய காட்சி, தோன்றி ஓராண்டே நிறைந்திருந்த தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. வீட்டிற் கருவியில்லாத மக்கள் பொதுவிடங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் திரண்டனர். விரித்த கையின் விளிம்பால் அவர் நெடிய வெள்ளையரை அடித்து வீழ்த்தியபோது, தோற்ற நாடொன்று தலைநிமிர்ந்ததாக உணர்ந்தது.

ஆயின் அக்காட்சி மறைத்தவை பல. வெற்றி தோல்விகள் ஒழுங்குசெய்யப்பட்டவை. அமெரிக்கராகக் கருதப்பட்ட ஷார்ப் சகோதரர் கனடா நாட்டினர். யாவற்றுக்கும் மேலாக, யப்பானின் மானங்காத்தவர் எனப் போற்றப்பட்டவர், யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியாவில் 1924 இற் பிறந்தவர். நாகசாகி மாகாணத்தவர் என்றே அவரது வரலாறு கூறப்பட்டது. 1963 டிசெம்பரில் டோக்கியோவிற் கத்திக்குத்துக்கு இலக்காகி ஒரு வாரத்தின் பின் அவர் இறக்கும்வரை, இரசிகருட் பெரும்பாலோர் இதனை அறியார்.

அங்ஙனமாயின் அவர்தம் உவகை பொய்யோ? அன்று. கூத்தில் வீழும் அபிமன்யு விடிந்ததும் எழுந்து நடமாடுவான். அவனுக்காகச் சிந்திய கண்ணீர் அதனாற் பொய்யாகிவிடுவதில்லை. மல்லரின் பயிற்சியும் அவர் தாங்கிய நோவும் மெய்யானவையே. போட்டியின் ஒழுங்கமைப்பு ஆட்டத்தின் ஒப்பனை; அதனை ஓரளவு அறிந்தும் அதில் ஈடுபடுவோர் உளர்.

பிறப்பை மறைத்தமையோ வேறுவகையினது. அதனை வேண்டியது ஆட்டமன்று. கொரியரைத் தாழ்வாக நோக்கிய சமூகமே. 1952 இல் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது யப்பானில் வாழ்ந்த கொரியர் யப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அவர்களுள் ஒருவரைத் தம்மவரென நம்பியே, ஈராண்டுகளின் பின் மக்கள் ஆரவாரித்தனர். எனவே இப்பொய்யின் பொறுப்பை அவர்மீது மட்டும் சுமத்துதல் அறமாகாது. உண்மையைக் கூறின் அன்பை இழக்க நேரிடும் என்ற நிலையை உண்டாக்கியோருக்கும் அதிற் பங்குண்டு.

டோக்கியோவின் இக்கெகாமி ஹொன்மொஞ்சி ஆலயத்தில், மார்பளவுச் சிலையோடு அவரது கல்லறை உள்ளது. அவர் கொரியர் என்பது பின்னர் பரவலாக வெளிப்பட்டது. அதனை அறிந்தும் அவர்முன் தலைவணங்கும் இரசிகன், தன் இனத்தின் பெருமையை விடுத்து ஒரு மனிதனை நினைவுகூருகின்றான். வீர வழிபாடு அன்பாக உயர்வது அவ்விடத்திலேயே.