தறியும் கயிறும்



ஆண்டுதோறும் பங்குனிச் சதயத்திலே தண்டியடிகணாயனாரது குருபூசையைக் கொண்டாடுகின்றோம். அவர் திருவாரூரிலே பிறவியிலேயே கண்ணொளியின்றித் தோன்றியவர். திருக்கோயிலின் மேற்றிசையிலுள்ள திருக்குளம் இடங்குறுகியதை உணர்ந்து, அதனைத் தாமே தோண்டத் துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவி நடந்து, மண்ணைக் கூடையிற் சுமந்து கொட்டினார்.

இச்சரிதத்தை மாணாக்கருக்கு உரைக்கும் நாம், நாயனார் கண்பெற்ற அற்புதத்தை விரித்துரைத்துக் கயிற்றை மறந்துவிடுகின்றோம். கண்பெற்றது முடிவிலே, திருத்தொண்டு செய்தது கண்ணில்லாத காலத்திலேயாம். கண்பெற்ற பின்னரே தொண்டுக்கு வருக என்று இறைவன் விதித்தானல்லன். நாயனாருக்கு வேண்டியிருந்தவை இரண்டு தறிகளும் ஒரு கயிறுமே. அவற்றைப் பறித்தெறிந்தோரும் அவ்வூரிலேயே இருந்தனர்.

யானும் ஒருகாற் பறித்தவனே. பல்லாண்டுகளுக்கு முன்னர், பார்வை குன்றிய சிறுவனொருவனை அவன் தந்தையார் எம் பாடசாலைக்கு அழைத்து வந்தார். "இத்தகையோருக்கென்றே தூரத்தில் விடுதி உண்டு, அங்கே விடுவதே நன்று" என்றேன். இரக்கமென்று எண்ணியே சொன்னேன். சில ஆண்டுகளின் பின் தேர்த்திருவிழாவிலே அத்தந்தையாரைத் தனியே கண்டு, "பிள்ளை சுகமா?" என்று வினவினேன். "சுகந்தான், ஐயா. ஆனால் ஊரிலே அவனைத் தெரிந்தவர் இப்போது ஒருவருமில்லை" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

உண்டியும் உறையுளும் அளித்தல் அறமே. ஆயினும், ஒருவனிடமிருந்து ஊரையும் உறவையும் பிரித்துவிட்டு அவற்றை அளித்தல் நிறைந்த அறமாகாது. 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய உடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரை, அங்கக் குறையுடையோர் எங்கே, எவருடன் வாழ்வதென்பதைத் தாமே தெரிந்து, சமுதாயத்தினுள்ளே வாழும் உரிமையைக் கூறுகின்றது. இலங்கை 2016 இல் அதனை ஏற்றுக்கொண்டது. நாயனார் சரிதம் ஓதும் நமக்கு அது புதுவதன்று, மறந்ததேயாம்.

"இதற்குப் பொருள் எங்கே?" என்பீராயின், கயிற்றின் விலை யாதென்று எண்ணிப் பாருங்கள். மேன்மாடி வகுப்பைக் கீழே மாற்றுதல், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டும் படித்தல், செவிப்புலன் குன்றியவன் நம் வாயசைவைக் காணுமாறு நின்று பேசுதல், காலைப் பிரார்த்தனையிலே தேவாரம் ஓத அப்பிள்ளைகளையும் முன்னிறுத்துதல்: இவையெல்லாம் பொருளன்று, மனமே வேண்டுவன. வாயிற்படியருகே ஒரு சாய்தளம் அமைக்க மாத்திரம் சிறிது செலவாகும்.

அடுத்த குருபூசைக்கு முன்னர், நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் குறிச்சியிலே வீட்டினுள் அடங்கியிருக்கும் ஒரு பிள்ளையைத் தேடிச் சென்று அழைத்து வருவோமாக. ஆரூர்ப் பெருமான் திருவருள் துணைசெய்வதாக.